இழுக்கும்போது நின்னுடுது, லிப்ட் தாங்க மாட்டேங்குது: உழவு நேரத்துல எதைப் பிரிக்கறது, எதை விடறது?

ஏர்முனை

வணக்கம். சின்ன நிலம், பழைய டிராக்டர் ரெண்டு. ரெண்டுமே மூணு சிலிண்டர் டீசல், டர்போ எல்லாம் கிடையாது. குளிர்காலம் பூரா கொட்டகையில நின்னுச்சு. இப்ப வெயில் ஏறி மண்ணு பதத்துக்கு வந்திருக்கு. நடுவுல ஒரு மழை அடிச்சா சேறாயிடும், வண்டி இறங்காது. உழவு, பாத்தி, விதைப்பு மூணும் ஒண்ணா வந்து நிக்குது.

பெரிய வண்டி காலையில ஒரே செல்ப்ல பிடிக்குது. கலப்பையை இறக்கி நாலு சால் ஓட்டினதும் இழுவை குறையுது, திணறுது, நின்னுடுது. புகை ஒண்ணும் பெருசா இல்ல. கொஞ்ச நேரம் விட்டா திரும்ப ஸ்டார்ட் ஆகுது. கலப்பை இல்லாம சும்மா ஓட விட்டா எவ்வளவு நேரம் வேணாலும் ஓடும்.

சின்ன வண்டிக்கு லிப்ட் ஏறுது, ஆனா தூக்கின இடத்துல நிக்கல. இன்ஜினை நிறுத்தினா கலப்பை மெள்ள மெள்ள இறங்கி மண்ணுல உக்காந்துடுது. ஓடிட்டு இருக்கறப்ப அப்பப்ப ஒரு சின்னக் குலுக்கல்.

பெரிய வண்டிக்கு டீசல் பில்டர் புதுசு, லைன்ல இருந்த காத்தையும் (ஏர்) எடுத்தாச்சு. மெக்கானிக் வந்து பார்த்துட்டு இன்ஜெக்டருக்கு டீசலை அழுத்தித் தர்ற டீசல் பம்பைக் கழட்டி, சோதிக்கற பெஞ்சுக்கு அனுப்பணும்ங்கறார். சீசன்ல பம்ப் கடையில வரிசை எவ்வளவு நீளம்னு இங்க எல்லாருக்கும் தெரியும். அனுப்பறதா, வேண்டாமா?

பழையபிஸ்டன்

பம்புல கை வைக்காதீங்க. முதல்ல ரெண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. நிக்கறப்ப டக்குனு நிக்குதா, இல்ல மூச்சு வாங்கி வாங்கி நிக்குதா? நின்ன உடனே டேங்க் மூடியைத் திறந்தா காத்து உள்ள இழுக்கற சத்தம் கேக்குதா?

மூடியில பொடியா ஒரு காத்து ஓட்டை இருக்கும். தூசி, பூச்சிக் கூடு எது அடைச்சாலும் டீசல் குறையக் குறைய டேங்குக்குள்ள வெற்றிடம் சேர்ந்துடும், டேங்க்ல இருந்து டீசலை இழுக்கற பீட் பம்ப் இழுக்க முடியாம தவிக்கும். சும்மா ஓடறப்ப இன்ஜின் குடிக்கற டீசல் கொஞ்சம்தான், அதனால குறை தெரியாது. கலப்பை இறங்கினாதான் தெரியும்.

கருப்புப்புகை

எனக்கென்னமோ கம்ப்ரஷன் போயிடுச்சுன்னு தோணுது. பழைய வண்டிதானே, லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் ஒரே மூச்சுல மாத்திட்டா நிம்மதி.

பழையபிஸ்டன்

> கம்ப்ரஷன் போயிடுச்சுன்னு தோணுது

குளிர்ல ஒரே செல்ப்ல பிடிக்கற டீசலுக்கு கம்ப்ரஷன் இருக்கு தம்பி. டீசலுக்கு பிளக் கிடையாது, அழுத்தின காத்தோட சூட்டுலதான் பத்திக்கணும். அழுத்தம் குறைஞ்சா முதல்ல காலை ஸ்டார்ட்டுலதான் காட்டும். ரொம்ப நேரம் சுத்தும், வெள்ளைப் புகை விடும், அப்புறம்தான் பிடிக்கும். இங்க அது எதுவுமே இல்ல. உழவு நேரத்துல இன்ஜினை மேசை மேல பரப்பி வச்சவன் விதைப்புக்கு வாடகை வண்டிதான் தேடணும்.

நான்காம்கியர்

பம்பை அவ்வளவு சீக்கிரம் விட்டுவிட வேண்டாம் என்று நினைக்கிறேன். ஏர்முனை, உங்கள் பம்ப் எந்த வகை? இன்ஜெக்டர் பைப்கள் ஒரே தலையைச் சுற்றிக் கிளம்பினால் அது ரோட்டரி, சி.ஏ.வி. டி.பி.ஏ. என்கிற வகை. பைப்கள் மேலே ஒரே வரிசையில் நின்றால் இன்லைன். ரோட்டரிக்கு அதற்குள் ஓடும் டீசலேதான் ஆயில். தண்ணீர் கலந்த டீசல் அதை அரித்துத் தின்றுவிடும்.

நான் இதைக் கேட்கக் காரணம், தேய்ந்த ரோட்டரி பம்புக்கு ஒரு குணம் உண்டு. ஆறியிருக்கும்போது ஒழுங்காகப் பிடிக்கும். சூடான பிறகு நிறுத்தினால் ஆறும்வரை பிடிக்காது. சூட்டில் டீசல் நீர்த்து, தேய்ந்த இடைவெளி வழியே நழுவிவிடும். செல்ப் சுற்றும் வேகத்தில் இன்ஜெக்டரைத் திறக்கும் அளவுக்கு அழுத்தம் எழாது. 'கொஞ்ச நேரம் விட்டால் ஸ்டார்ட்' என்பது இதற்கும் பொருந்துகிறதே.

பழையபிஸ்டன்

பொருந்துது, ஆனா பாதிதான். தேய்ஞ்ச பம்ப் சூட்டுல ஸ்டார்ட்டைத்தான் கெடுக்கும், நல்லா உழுதுட்டு இருக்கற வண்டியைப் பெரும்பாலும் நிறுத்தாது. இவங்களுக்கு ஓட்டத்துலயே நிக்குது. ஊகத்தை விடுவோம், சோதனை இருக்கு.

நின்ன அந்த நிமிஷமே, ஆற விடாம, பில்டர் தலையில காத்தை வெளியேத்தறதுக்கு இருக்கற பிளீட் ஸ்க்ரூவை ரெண்டு சுத்து தளர்த்தி பீட் பம்போட கை லீவரை அடிங்க. டீசல் பீய்ச்சி அடிச்சா பில்டர் வரைக்கும் குறை இல்ல, நான்காம்கியர் சொல்ற பக்கம் போகலாம். சொட்டு சொட்டா வந்தா குறை பின்னாடி, டேங்க் பக்கம். நுரையா வந்தா எங்கியோ காத்து இழுக்குது. லீவர்ல பிடிமானமே இல்லாம லொடலொடன்னு இருந்தா, அந்தப் பம்பைத் தள்ளற கேம் மேட்டுல நிக்குதுன்னு அர்த்தம். இன்ஜினைக் கொஞ்சம் சுத்தி விட்டு மறுபடி அடிங்க.

சாலடி

எங்க பக்கம் சுலபமா ஒண்ணு பண்ணுவோம். நின்னதும் பம்ப் மேல ஒரு குடம் பச்சைத் தண்ணி. பிடிச்சிடுச்சுன்னா பம்ப் காலி, அவ்வளவுதான்.

நான்காம்கியர்

சாலடி, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், யாருக்கும் சொல்லவும் சொல்லாதீர்கள். ரோட்டரி பம்பின் உள்ளே இடைவெளி மயிரிழையை விடக் குறைவு. சூடாக இருக்கும்போது வெளிக்கூடு மட்டும் சட்டென்று குளிர்ந்து சுருங்கினால் ரோட்டர் இறுகிப்போகும். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில் ஊற்றினால் டிரைவ் ஷாஃப்ட்டே முறியலாம். சோதித்தே ஆகவேண்டும் என்றால், நின்ற இன்ஜினில், ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டுவிட்டுக் காத்திருங்கள். அது போதும்.

ஏர்முனை

பதில்களுக்கு நன்றி. பம்ப் ரோட்டரிதான். இன்னிக்கு வயல்லயே ஸ்பானரோட உக்காந்துட்டேன்.

மூச்சு வாங்கி வாங்கித்தான் நின்னுது. மூடியைத் திறந்தேன், காத்து இழுக்கற சத்தம் இல்ல. பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி லீவர் அடிச்சா சொட்டுதான், நுரை இல்ல. அதோட விடாம பீட் பம்புக்கு வர்ற பைப்பைக் கழட்டினேன். டேங்க்ல பாதிக்கு மேல டீசல் இருக்கு, டேங்க் உசரத்துல இருக்கு, ஆனா பைப்ல நூல் மாதிரிதான் வருது. பார்த்துட்டு இருக்கறப்பவே மெள்ள மெள்ளத் தடிமனாகி முழு ஓட்டம் வந்துடுச்சு!

பழையபிஸ்டன்

கிடைச்சிடுச்சு. டேங்க் அடியில குப்பை மிதக்குது. இழுவை இருக்கறப்ப அது வாயில வந்து ஒட்டிக்குது, இன்ஜின் நின்னு உறிஞ்சல் போனதும் தானா விலகிடுது. அதான் 'கொஞ்ச நேரம் விட்டா ஸ்டார்ட்'.

காத்தடிச்சு டேங்குக்குள்ள தள்ளி விட்டா இப்போதைக்கு ஓடும். ஆனா அந்தக் குப்பை அங்கியேதான் சுத்திட்டு இருக்கும். டேங்கை வடிச்சு, அடியில இருக்கற டேப்பைக் கழட்டுங்க. டேப்புக்கு மேல டேங்குக்குள்ள நீட்டிட்டு ஒரு வலைக் குழாய் இருக்கும். பல பேர் அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாம காலம் தள்ளிட்டாங்க.

ஏர்முனை

கழட்டியாச்சு. வலை பூரா துரு, அதுக்கு மேல கருப்பா வழவழன்னு ஒரு சவ்வு. டேங்க் அடியிலயும் அதே. இது என்ன, டார் மாதிரி இருக்கு?

நான்காம்கியர்

அது தார் இல்லை, உயிர். டீசலுக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் இரண்டும் தொடும் இடத்தில் நுண்ணுயிரிகள் வளரும், டீசலையே தின்று வாழும். குளிர்காலம் முழுக்கப் பாதி காலியான டேங்கோடு வண்டி நின்றிருக்கும். பகலில் சூடு, இரவில் குளிர். காலியான பாதியில் இருக்கும் காற்றின் ஈரம் தகரத்தில் வியர்த்து அடியில் இறங்கும். துருவும் சவ்வும் ஒரே தண்ணீரின் பிள்ளைகள். தண்ணீரை வடித்துவிட்டால் இரண்டுமே வளராது. நிறுத்தி வைக்கும்போது டேங்கை முழுக்க நிரப்பி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

சாலடி

துருவை எடுக்க டேங்கைக் கழட்டி உள்ள கொஞ்சம் டீசல் விட்டு, ஒரு துண்டு செயினைப் போட்டு நல்லா உருட்டுங்க. செயினோட நுனியில கம்பி கட்டி வெளிய விட்டுக்குங்க, இல்லன்னா செயினை எடுக்கத் தனியா ஒரு நாள் போகும். அடியில ஊசி ஓட்டை தெரிஞ்சா வெல்டிங் வைக்கறேன்னு கிளம்பிடாதீங்க. வடிச்ச டேங்க்ல இருக்கற ஆவிதான் வெடிக்கும்.

கருப்புப்புகை

டேங்குக்கும் பீட் பம்புக்கும் நடுவுல பெட்ரோல் வண்டிக்குப் போடற கண்ணாடி மாதிரி சின்ன பில்டர் ஒண்ணு சொருகிட்டா? குப்பை வர்றது வெளியிலயே தெரியுமே.

பழையபிஸ்டன்

தெரியும். கூடவே இப்ப இருக்கற அதே குறையும் திரும்ப வரும். அந்த மெல்லிசு காகிதம் டீசல் கெட்டியா இருக்கற குளிர் காலையில உறிஞ்சற பக்கம் தடுக்கும். பீட் பம்புக்கு முன்னாடி பெரிய கண்ணு வலையும் தண்ணி தேங்கற கிளாஸ் கப்பும் போதும். பொடி வடிகட்டறது பீட் பம்புக்கு அப்புறம் இருக்கற பெரிய பில்டரோட வேலை.

பைப்பெல்லாம் திரும்ப மாட்டினதும் ஏர் எடுக்கற வரிசை: பில்டர் முதல்ல, அப்புறம் பம்ப் உடம்புல இருக்கற ஸ்க்ரூ, அப்புறம் கவர்னர் மூடி மேல இருக்கறது. கடைசியா இன்ஜெக்டர் நட்டுகளைத் தளர்த்தி செல்ப் அடிக்கணும். செல்ப்பை அரை நிமிஷத்துக்கு மேல தொடர்ந்து அழுத்தாதீங்க, சுருள் வெந்துடும்.

இதைப் படிக்கற மத்தவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன். இன்ஜின் ஓடறப்ப இன்ஜெக்டர் பைப் கசியுதான்னு விரலால தடவிப் பார்க்காதீங்க. அந்த அழுத்தத்துல டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிடும். வெளியில ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதல்ல இருக்காது, ஆனா உள்ள சதை அழுகிடும். ஒரு அட்டையைக் காட்டிப் பாருங்க. பட்டுடுச்சுன்னா சின்னக் காயம்னு விடாம அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் உள்ள போயிருக்குன்னு வாய் திறந்து சொல்லுங்க.

ஏர்முனை

பெரிய வண்டி மத்தியானத்துல இருந்து நிக்காம ஓடுது. பம்ப் இருந்த இடத்துலயே இருக்கு. பழையபிஸ்டன் அண்ணே, நான்காம்கியர் ஐயா, ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி.

சின்ன வண்டிக்கு வரட்டுமா? லிப்ட் விஷயம் மேலயே எழுதியிருக்கேன். பாத்தி கட்டறது, விதைப்பு ரெண்டும் அதுலதான். கூடவே வலது பின் பிரேக் சரியா பிடிக்கல, வீல் பக்கம் ஆயில் ஈரம் தெரியுது. கிளட்சும் மேடு ஏறறப்ப லேசா வழுக்குது. எல்லாத்தையும் சீசன் முடிஞ்சு பார்த்துக்கலாமா?

மண்கட்டி

இவ்வளவு நேரம் படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இதுக்கு எழுதியே ஆகணும். நானும் ரெண்டு பழைய வண்டியை வச்சு ஒத்தை ஆளா விவசாயம் பண்றவதான். மூணும் ஒரே தட்டு இல்லங்க.

லிப்ட் இறங்கறது வேலையை நிறுத்தாது. ஓடறப்ப வர்ற குலுக்கல், கசிஞ்சு இறங்கினதை லிப்ட் தானே திரும்பத் தூக்கிக்கறது. சிலிண்டர்ல ஓ ரிங்கோ சீலோ தேய்ஞ்சிருக்கும், இல்லன்னா கண்ட்ரோல் வால்வு கசியும். எதுவா இருந்தாலும் மேல்மூடியைத் தூக்கற வேலை, அது சீசன் முடிஞ்சுதான். அதுவரைக்கும் ராத்திரி நிறுத்தறப்ப கலப்பையைத் தரையில இறக்கிட்டே போங்க. நல்ல லிப்ட் இருந்தாலும் அப்படித்தான் செய்யணும். ரோட்டுல போறப்ப தூக்கின கருவியை செயின் போட்டுக் கட்டிடுங்க. தூக்கின கலப்பைக்கு அடியில தலையை விடறது மட்டும் கூடவே கூடாது.

கிளட்சை இன்னிக்கே பாருங்க, ஆனா பிரிக்காதீங்க. பெடல்ல ப்ளே, அதாவது இறுக ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சும்மா அமுங்கற இடம், இருக்கான்னு கையால அமுக்கிப் பாருங்க. ப்ளேயே இல்லன்னா தட்டு முழுசா அமுங்காம வழுக்கும், பேரிங்கும் சேர்ந்து தேயும். பெடல் ராடை சரி பண்ணினாலே வழுக்கறது நின்னுடலாம். ப்ளே சரியா இருந்தும் வழுக்கினா தட்டு முடிஞ்சது. அந்த வண்டியை லேசான வேலைக்கு மட்டும் வச்சுக்கிட்டு இழுவையைப் பெரிய வண்டிக்கு மாத்துங்க.

பிரேக் ஒத்திவைக்கற விஷயமே இல்ல. அது டிரம் பிரேக்கா இருந்தா அச்சு சீல் வழியா ஆயில் வந்து லைனிங்கை நனைச்சிருக்கு. துடைச்சாலும் பெட்ரோல் ஊத்திக் கழுவினாலும் ரெண்டு நாள்தான், லைனிங் உள்ள குடிச்சது வெளிய வந்துட்டே இருக்கும். ரெண்டு பெடலையும் கொக்கி போட்டு ஒண்ணா அழுத்தறப்ப இடது மட்டும் பிடிச்சா வண்டி இடது பக்கம் திரும்பிடும். சரிவுல பின்னாடி டிரெய்லரும் இருந்தா அவ்வளவுதான். ஒரு நாள் போனாலும் பரவாயில்ல, சீலும் லைனிங்கும் மாத்திட்டு வண்டியை எடுங்க. லைனிங்கை ஜோடியா, ரெண்டு பக்கமும்.

பழையபிஸ்டன்

மண்கட்டி சொன்னதுல ஒரு எழுத்து மாத்த வேண்டியதில்ல. என் கணக்கும் அதேதான்: ஆளைக் கொல்றதும் இன்ஜினைக் கொல்றதும் காத்திருக்காது, மத்ததுக்கெல்லாம் மழைநாள் வரும். பிரேக், ஸ்டீரிங் ஆட்டம், பி.டி.ஓ. (பின்னாடி கருவியைச் சுத்த வைக்கற தண்டு) மூடி எல்லாம் முதல் வகை. பி.டி.ஓ. நிமிஷத்துக்கு 540 சுத்து வேகத்துல சுத்தினா ஒரு வினாடிக்கு ஒன்பது சுத்து. துணி சிக்கினா கையை இழுத்துக்கலாம்னு மனசு நினைக்கறதுக்குள்ள முடிஞ்சிருக்கும். ரெண்டாவது வகையில, கேஜ் குச்சியில ஆயில் பால் நிறத்துல இருந்தா, ஆயில் பிரஷர் விழுந்தா, ரேடியேட்டர் கொதிச்சா.

சாலடி

அண்ணே, என் வண்டியில ஆயில் குறையல, ஏறுது! நல்லதுன்னு விட்டுட்டேன்.

பழையபிஸ்டன்

உடனே நிறுத்துங்க சாலடி. குச்சியை மோந்து பாருங்க, டீசல் வாடை அடிக்கும். பீட் பம்போட டயாப்ரம் கிழிஞ்சா டீசல் சேம்பருக்குள்ள இறங்கும், ஆயில் தண்ணியா நீர்த்துப்போகும், பேரிங் போயிடும். பீட் பம்ப் சின்ன வேலை, ரெண்டு போல்ட். ஆயிலையும் பில்டரையும் மாத்தாம ஸ்டார்ட் பண்ணாதீங்க. வாடை இல்லாம பால் நிறமா இருந்தா அது தண்ணி, ஹெட் கேஸ்கெட் பக்கம் பார்க்கணும்.

சாலடி

டீசல் வாடைதான். நாளைக்குக் கழட்டறேன்.

நான்காம்கியர்

ஏர்முனை, சீசன் முடிந்து கிளட்சுக்காகச் சின்ன வண்டியை இரண்டாகப் பிரிக்கும் நாள் வந்தால் ஒன்று ஞாபகம் வையுங்கள். முன் அச்சு நடுவில் ஒரே பின்னில் ஆடும்படி மாட்டப்பட்டிருக்கிறது. நடுவில் போல்ட்டைக் கழட்டியதும் இன்ஜின் பாதி பக்கவாட்டில் சாயும். அச்சுக்கும் அதன் மேல் இருக்கும் தாங்கிக்கும் நடுவே இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்த பிறகே ஜாக்கி வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுங்கள்.

இன்னொரு செய்தி, பொழுதுபோக்காக. நாம் திட்டிக்கொண்டிருக்கும் இந்த மூன்று புள்ளி லிப்ட் முறையை டிராக்டரில் நிலைநாட்டியவர் ஹாரி ஃபெர்குசன். 1946 முதல் 1956 வரை வந்த அவருடைய டி.இ.20 வண்டிகளில் பல இன்னும் வயலில் ஓடுகின்றன. திறந்து பார்த்துச் சரிசெய்யும்படி செய்யப்பட்ட வண்டிகள் அவை.

ஏர்முனை

சீலும் லைனிங்கும் சொல்லியாச்சு, நாளைக்கு வருது. கிளட்ச் பெடல்ல ப்ளே சுத்தமா இல்ல. ராடை ரெண்டு சுத்து மாத்தினதும் மேடு ஏறுது, வழுக்கல. மேனுவல்ல இருக்கற அளவுக்கு வச்சுட்டேன்.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. பெரிய வண்டியில ரிட்டர்ன் பைப் பான்ஜோ போல்ட்டுல டீசல் வேர்க்குது. காப்பர் வாஷர் புதுசு கைவசம் இல்ல.

பழையபிஸ்டன்

பழைய வாஷரைக் கம்பியில கோத்து அடுப்புல சிவக்கிற வரைக்கும் காய்ச்சி, தண்ணியில போடுங்க. உருக்கு அப்படிச் செஞ்சா கடினமாகும், காப்பர் மெத்துனு ஆகும். அப்புறம் ரெண்டு பக்கமும் நைசான உப்புத்தாள்ல தேய்ச்சு, புள்ளி இல்லாம சமமாக்கி மாட்டுங்க. வாஷர் நடுவுல ஆழமா பள்ளம் விழுந்திருந்தா மட்டும் தூக்கிப் போட்டுடுங்க. முறுக்கறதுல வேகம் வேண்டாம், அந்த போல்ட் உள்ள ஓட்டையா இருக்கறது, சட்டுனு கழுத்துல முறியும்.

மண்கட்டி

இறுக்கினதுக்கு அப்புறம் மண்ணெல்லாம் துடைச்சு, காய்ஞ்ச துணி ஒண்ணு கட்டி ஒரு சால் ஓட்டிட்டு வாங்க. துணி நனைஞ்சிருந்தாத்தான் திரும்ப ஸ்பானரை எடுக்கணும்.